மூன்றாவது தண்ணீர்

பட்டறைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ரஸியா போன் செய்தாள். ரஸியா எங்கள் பட்டறையில் பிரஸ் இயந்திரம் ஓட்டுகிறவள். போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். அன்று அவள் குரல் எழும்பவில்லை. "சேச்சி, நம்முடெ பேச்சி சேச்சி மரிச்சு போயி" என்றாள். நான் அவளைத் திட்டினேன். நேற்றுச் சாயங்காலம் என்னோடு சண்டை போட்டு, என் கூடையைத் திருப்பி என் காலடியில் வைத்துவிட்டுப் போனவள் எப்படிடி சாவாள் என்று கேட்டேன். ரஸியா அழுதாள். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

குளித்துவிட்டு வந்து சாயா டம்ளரைக் கையில் வாங்கியிருக்கிறாள் பேச்சி. சர்க்கரை போதுமா என்று அவள் புருஷன் செல்லையா அண்ணன் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. வாய் ஓயாதவள் ஒரு வாய்ச் சாயாவுக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டாள்.

இப்படி அஞ்சலி எழுதும்போது 'அவர்' என்று எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடம் வாடி போடி என்று பேசிவிட்டு, செத்த பிறகு மரியாதை கொடுத்தால் அவளே எழுந்து வந்து சிரிப்பாள். பட்டறைப் பிள்ளைகள் இதை மலையாளத்தில் எழுதச் சொன்னார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பேச்சியைப் பற்றித் தமிழில்தான் எனக்கு அழ வரும்.

எர்ணாகுளத்தை அடுத்த இந்த மட்டாஞ்சேரியில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. கார்ப்பரேஷன் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்த குடும்பம் அவளுடையது. மாமனார், புருஷன் இருவரும் தெருச் சுத்தம் செய்தவர்கள். பேச்சி வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் எடுத்தாள். கேட்டுக்கு வெளியே நின்று மணி அடிப்பாள். வீட்டுக்காரர்கள் சாக்கைக் கேட்டில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். "எல்லா வீட்டு ஷாம்புவும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டு ஹாலும் தெரியாது" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கூட இருப்பவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

அந்தச் சாக்குகளெல்லாம் எங்கே போகின்றன என்று கேட்கத் தொடங்கியதுதான் அவள் செய்த பெரிய காரியம். கேட்டுக் கேட்டு ஒரு தன்னார்வக் குழுவைப் பிடித்தாள். அவர்கள் பிளாஸ்டிக்கை அரைக்கும் இயந்திரம் ஒன்றும், அரைத்ததைச் சூடாக்கிப் பலகையாக அழுத்தும் பிரஸ் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்கள். இடம் பேச்சியே பார்த்தாள். ஒரு பழைய சுக்குக் கிடங்கு. அங்கேதான் நான் முன்பு சுக்குத் தோல் சீவி, தரம் பிரித்து உட்கார்ந்திருந்தேன். முதலாளி கடையை மூடியபோது எங்களையெல்லாம் அனுப்பிவிட்டார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். பன்னிரண்டாவது வரை படித்த தமிழ் இந்த ஊரில் எதற்கும் உதவவில்லை. பேச்சி வீட்டுக்கு வந்து, "எடீ சுமதி, அதே கதவு, அதே ஜன்னல். சுக்குக்குப் பதிலா மூடி. வர்றியா?" என்று கேட்டாள். போனேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தச் சுவர்கள் சுக்கு மணக்கும்.

என்னைப் போலப் பலரை அவள் கூட்டி வந்தாள். பள்ளுருத்தியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே எர்ணாகுளம் போய் வீட்டுவேலை செய்தவர்கள்தான் பெரும்பாலும். "பக்கத்துல வேலை இருந்தா புள்ளைக்கு மத்தியானச் சோறு சூடாக் கிடைக்கும்" என்று சொல்லித்தான் ஒவ்வொருவரையும் இழுத்தாள். மூடி, ஷாம்பு பாட்டில், எண்ணெய்க் கேன் எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, அரைத்து, பலகையாக்கி, அதை அறுத்து முக்காலியும் ஸ்டூலும் பூந்தொட்டியும் சுவரில் துணி மாட்டும் கொக்கிப் பலகையும் செய்தோம். முதலில் எங்களுக்கே நம்பிக்கை இல்லை.

நம்பாததற்கு ஏற்ற மாதிரி முதல் ஸ்டூல் மானத்தை வாங்கியது. கோட்டைப் பக்கம் சாயாக்கடை வைத்திருக்கும் ஒரு சேட்டன் ஆசையாகப் பார்க்க வந்தார். நல்ல கனமான மனிதர். உட்கார்ந்தார். பலகை அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. சேட்டன் தரையில் இருந்தார். நாங்கள் பதறிப்போய்த் தூக்கினோம். பேச்சி அவரைத் தூக்கவில்லை. உடைந்த பலகையை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து, "வெளிச்செண்ணெ" என்றாள். தேங்காய் எண்ணெய். பாட்டிலில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சரியாகக் கழுவாததால் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை. இந்த ஊரில் எண்ணெய் இல்லாத வீடு ஏது? அன்று வந்த சட்டம்தான் மூன்று தண்ணீர். முதல் தொட்டியில் சுடுதண்ணீரும் சோப்பும். இரண்டாவதில் பச்சைத் தண்ணீர். மூன்றாவது தொட்டி பேச்சியுடையது.

அந்தத் தொட்டியை அவள் யாருக்கும் விடவில்லை. ஒவ்வொரு மூடியையும் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்வாள். பிடிக்காவிட்டால் கூடையோடு திருப்பி அனுப்புவாள். "கழுவுற மீன்ல நழுவுற மீனு நீ. இன்னொரு தண்ணி ஊத்து" என்பது என்னைப் பார்த்து அவள் தினமும் சொல்வது. நானும் சும்மா இருக்கமாட்டேன். "போலீஸ் நாய்க்குக்கூட ஓய்வு உண்டுடி, உன் மூக்குக்கு இல்லையா?" என்பேன். அவளுக்குக் கோபம் வராது. வேலை செய்துகொண்டே எங்களுக்கெல்லாம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யவைத்துவிட்டாள்: "மூணு தண்ணி பார்த்ததுக்கு அப்புறம் அது குப்பை இல்லை." யாராவது வெளிநாட்டுக்காரர்கள் பட்டறை பார்க்க வந்தாலும் இதையேதான் தமிழில் சொல்வாள். அவர்களும் தலையாட்டுவார்கள்.

விற்பனைக்குக் குறைவில்லை. கோட்டைப் பக்கத்துச் சாயாக்கடைகளும் தங்கும் விடுதிகளும் வாங்கின. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் எங்கள் பொருள் இல்லை. பேச்சிக்கு அதுதான் உறுத்தல். வெளியூர்க்காரன் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறான், குப்பையைக் கொடுத்த வீடு அதைத் திரும்ப உள்ளே எடுக்கமாட்டேன் என்கிறது என்பாள். ஒருநாள் எங்களையே கேட்டாள்: "ஊரை விடு. உங்க வீட்டுல ஒரு ஸ்டூல் இருக்கா?" ஒருவர் வீட்டிலும் இல்லை. எனக்கு ரோஷம் வந்து மறுநாளே ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாத்ரூம் வரைக்கும் வந்தாச்சு. ஹாலுக்கு எப்ப வரும்?"

கமலத்தின் மகள் ரம்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பேச்சி ஒரு முடிவுக்கு வந்தாள். கமலம் இரண்டாவது தொட்டிக்காரி. ரம்யா பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பட்டறைக்கு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து படித்து வளர்ந்தவள். பேச்சியை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு மணை செய்வேன் என்றாள் பேச்சி. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் மணை. மஞ்சள் மூடி, சிவப்பு மூடி, ஓரத்துக்குப் பச்சை ஷாம்பு பாட்டில். முதலில் அழுத்திய பலகையில் ஒரு குமிழி தெரிந்தது என்று அதைத் தள்ளிவிட்டு, மறுபடி அரைத்து, மறுபடி அழுத்தினாள். தேய்த்துப் பளபளப்பாக்கியபோது கலர்க் கோலப்பொடி சிந்திய வாசல் போல இருந்தது. நாங்கள் செய்ததிலேயே அழகான பொருள் அதுதான். இன்றைக்கும் அதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் தேனிக்காரர்கள். எர்ணாகுளம் மார்க்கெட்டில் தக்காளி மொத்தக்கடை வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று மேடையில் மணையைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஈஸ்வரி கையால் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. இது என்ன மரம்?"

நான் பேச்சியின் சேலையைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஏதாவது ஒரு மரத்தின் பெயரைச் சொல்லித் தொலையேன் என்று அர்த்தம். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"மரம் இல்லம்மா. மூடி. வீடு வீடாப் போயி எடுத்த பாட்டில் மூடி. மூணு தண்ணி கழுவி..."

"குப்பையா? எம் புள்ளை மணையில உக்கார உங்களுக்குக் குப்பையா கெடச்சுது?"

அவர் கத்தவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. ஒரு பையனை அனுப்பிப் பக்கத்துக் கோயிலிலிருந்து மரப்பலகை எடுத்துவரச் சொன்னார். கமலம் சுவரோரமாக நின்று அழுதாள். பேச்சி மேடையில் ஏறி, மணையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். தாலி கட்டும்வரை கூட்டத்தோடு நின்று அட்சதை போட்டாள். சாப்பிட்டாள். பாயசம் இரண்டு தடவை வாங்கினாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மணையை மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் பையன் பார்த்துவிட்டு, "கொள்ளாமல்லோ சேச்சி, எவிடுன்னு மேடிச்சது?" என்று கேட்டான். எங்கே வாங்கினது, நன்றாக இருக்கிறதே என்று. அந்த ஒரு நல்ல வார்த்தைக்கு அவள் உடைந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இறங்கும் இடம் வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஈஸ்வரியம்மா மேல எனக்குக் கோபம் இல்லை சுமதி. ஆனா இனிமே இதை நானா யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன். ஒருத்தர் வாய் திறந்து கேக்கணும்." மணை அவள் வீட்டு பீரோவின் மேல் ஏறியது.

சில வருடம் கழித்து, போன மாதம் கேட்டார்கள். ரம்யாவுக்கு ஏழாம் மாதம். பட்டறையில் மூன்றாவது தொட்டியருகே பேச்சி நின்றபோது போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அதனால் நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

"அத்தே, வளைகாப்புக்கு எனக்கு அந்த மணைதான் வேணும். மாமியார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்கடி?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லலைன்னா பாதி சம்மதம்" என்றாள் பேச்சி. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சாயாக்கடையில் சொன்னாள். மிச்சப் பிளாஸ்டிக்கை ஏற்றிப்போக ஆலுவாவிலிருந்து வரும் லாரிக்காரரிடம் சொன்னாள். அவருக்கு ரம்யா யாரென்றே தெரியாது. ஆகட்டும் என்கிற மாதிரி "ஆயிக்கோட்டெ சேச்சி" என்று சிரித்துவிட்டுப் போனார். பீரோ மேலிருந்து மணையை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்து மூன்று தொட்டியிலும் போட்டு எடுத்தாள். புதுத் தோர்த்துத் துண்டு ஒன்று வாங்கி அதில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். வளைகாப்புக்குக் கட்ட நீலச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். அந்த ரவிக்கை தையல்கடையில்தான் இருக்கிறது. வாங்கப் போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

வளைகாப்பு வியாழக்கிழமை. அவள் போனது அந்த வாரத் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகூடப் பட்டறையில் நின்றுவிட்டுத்தான் போனாள்.

திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் மகன் வந்து சேர்ந்தபின் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து வீடு காலியானதும் செல்லையா அண்ணன் என்னைக் கூப்பிட்டார். தோர்த்தில் சுற்றியிருந்ததைக் கையில் கொடுத்தார். "இதைச் சேரவேண்டிய எடத்துல சேத்துரு. வியாழக்கிழமை வியாழக்கிழமைன்னு சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். அவள் உடம்பைக் கிடத்தியிருந்த அதே அறையில்தான் அதுவும் இருந்தது.

மறுநாள் பட்டறையில் கமலம் அதைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "வேணாம் சுமதி. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா வயித்துல புள்ளையோட இருக்கா. சாவு வீட்டுச் சாமான். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் என் மகளுக்கு என்றால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். கொண்டுபோகாவிட்டால், பேச்சி இத்தனை வருடம் காத்திருந்து கேட்ட ஒரு வார்த்தை வீணாகிவிடும். கொண்டுபோனால் ஒரு கர்ப்பிணியின் மனதில் பயத்தைப் போட்டவளாவேன். ரஸியாதான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பேசினாள். "நிங்ஙள் ரெண்டாளும் தீருமானிக்கண்டா. சோயிச்சவரோடு உள்ளது பறய்." நீங்கள் முடிவு செய்யாதீர்கள், கேட்டவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். பேச்சி உயிரோடு இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அன்றைக்கு மேடையில் ஒரு பொய் சொல்லச் சொன்னபோது என் கையைத் தட்டிவிட்டவள்தானே.

வியாழக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு எர்ணாகுளம் பஸ் ஏறினேன். கமலம் விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தாள். மணை என் மடியில் இருந்தது. தோப்பும்படிப் பாலம் தாண்டும்போது இதே மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதது ஞாபகம் வந்தது. நான் பாலத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. தோர்த்தின் முடிச்சையே பார்த்துக்கொண்டு போனேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர்கள் வீடு. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. சாவு வீட்டுக்குப் போனவள் என்று நான் படியேறவில்லை. ஈஸ்வரியம்மா பட்டுச் சேலையோடு வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார்.

"அந்தம்மா செஞ்சதா?"

"ஆமாம்மா."

"அவங்க வீட்ல இருந்தா எடுத்துட்டு வர்றே?"

"ஆமா. சாவு வீட்ல இருந்துதான். மறைக்கலை. வேணாம்னா இப்படியே திரும்பிப் போயிடறேன்."

சண்டைக்கான வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் என்ன சொன்னாலும் இந்தத் தடவை சும்மா விடுவதில்லை என்றிருந்தேன். ஈஸ்வரியம்மா உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு, "மூணு நாளா இவ அழுகை நிக்கலை. மாசமா இருக்கிறவ அழக்கூடாதுன்னா கேக்கமாட்டேங்கிறா" என்றார். கையை நீட்டினார். "கொண்டா."

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். நானும் போனேன். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் குந்தி, தோர்த்தைப் பிரித்தார். மஞ்சளும் சிவப்பும் வெயிலில் மின்னின. குழாயைத் திறந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"எத்தனை தண்ணி?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளே ஜன்னலோரம் தலை நிறையப் பூவோடு நின்ற ரம்யா பதில் சொன்னாள்.

"மூணு, அத்தே."

முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அடுத்தது பச்சைத் தண்ணீர். மூன்றாவதாக ஒரு செம்பில் மஞ்சள் கரைத்து ஊற்றினார். சோப்பு வாசனை போய்விட்டதா என்று பார்க்கத்தான் இருக்கும், ஓரத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. நான் குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சுப காரியம் நடக்கிற வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. ஈஸ்வரியம்மா என்னைத் தடுக்கவில்லை. ஈரக் கையாலேயே என் தோளைத் தொட்டுவிட்டு மணையை உள்ளே எடுத்துப் போனார்.

ரம்யா அதில் உட்கார்ந்தாள். வளையல்கள் ஏறின. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பேச்சி பார்க்கவேண்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு எந்தக் காலத்திலும் போகாது. கிளம்பும்போது மணையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஈஸ்வரியம்மாவிடம் கேட்டேன். "அது எதுக்கு? இங்கேயே கெடக்கட்டும். புள்ளைக்குக் காது குத்தணும்ல" என்றார்.

ஆகவே மணை என்னிடம் இல்லை. பேச்சியை அறிந்த நீங்கள் அதைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் இதை எழுதினேன். பாத்ரூமில் இருந்த ஸ்டூலை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதையும் அவளிடம் சொல்ல முடியாது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது மூன்றாவது தொட்டி. யாரும் கேட்காமலே அதனருகே போய் நின்றேன்; யாரும் ஆட்சேபிக்கவில்லை. கடைசிச் சாயங்காலம் அவள் திருப்பி வைத்துவிட்டுப் போன என் கூடை அங்கேயே இருந்தது. எண்ணெய் பாட்டில் மூடிகள். "இதுல இன்னும் எண்ணெ வாசனை இருக்கு. காலையில வந்து மறுபடி கழுவு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மறுபடி கழுவினேன். ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூக்கருகே கொண்டுபோனேன். அழுது அடைத்த மூக்குக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

இன்னொரு தண்ணீர் ஊற்றினேன்.